பாப்பாவின் முறையும் நாற்பதாவது நாளும்

ஐம்பத்தோரு வயதிலும் அந்த வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். கல்குவாரிக்குப் போகும் சாலையில் உள்ள லாரி எடைமேடையில் அவளுக்கு வேலை. கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வெறும் வண்டியின் எடையையும் பாரம் ஏற்றிய வண்டியின் எடையையும் சீட்டில் அடித்துக் கொடுக்கத் தொடங்கி இருபத்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கே அவளைப் பாப்பா என்று அழைக்க எவருக்கும் துணிச்சல் வராது. அங்கே அவள் எடைமேடை அக்கா. முப்பது டன் ஜல்லியோடு வரும் மீசைக்காரர்களும் அவள் சன்னலுக்கு முன்னால் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

"சீக்கிரம் போட்டு விடுங்கக்கா, அவசரம்."

"பின்சக்கரம் மேடைக்கு வெளியே நிக்குது. ஒரு அடி முன்னால எடுங்க."

"அட, ஒரு சக்கரந்தானே!"

"ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கிட்டு நீங்க எடை பார்ப்பீங்களா? எடுங்க வண்டியை."

வண்டி நகரும். சீட்டு வரும். அதில் ஒரு கிலோ கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

வீட்டுக்குத் திரும்பினால் கதை வேறு. கீழே ஹால், சமையலறை, அண்ணனும் அண்ணியும் இருக்கும் அறை, சாமான் அறை. மாடியில் தம்பி, தம்பி மனைவி, அவர்களின் பத்து வயது மகள். அந்தச் சிறுமியை எல்லாரும் வாண்டு என்பார்கள். பாப்பாவுக்கு ஹாலில் ஒரு திவான். டிவிக்குக் கீழே உள்ள அலமாரியில் துணி வைக்க இரண்டு தட்டுகள். அண்ணனுக்குக் கல்யாணமானபோது தன் அறையை விட்டுக்கொடுத்தவள் அவள். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று அன்று எல்லாரும் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாளுக்கு இப்போது வயது இருபத்தெட்டு. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. குறை இருந்ததெல்லாம் மற்றவர்களுக்குத்தான்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீடு கட்டிக் குடிவந்த தேதியில், ஆண்டுக்கு ஒருவராக, மூன்று பிள்ளைகளும் முறை வைத்து ஹாலுக்கு ஒரு பொருள் வாங்கி வைக்க வேண்டும். வாங்குபவர் விருப்பமே விருப்பம். அப்பா உயிரோடிருந்த காலத்திலேயே சிவப்பு அட்டை நோட்டில் இதைத் தம் கைப்பட எழுதி வைத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் எழுதினார்: 'வந்த பொருளை நாற்பது நாட்களுக்குள் வீட்டார் அனைவரும் ஒரு முறையேனும் கையாள வேண்டும். ஒருவர் தவறினாலும் அது கொடுத்தவர் இருப்பிடத்துக்கே திரும்பிவிட வேண்டும்.' தம்பி வாங்கிய, காலைப் பிடித்துவிடும் மெஷின் அப்படித்தான் மாடிக்குப் போயிற்று. அண்ணன் வாங்கிய உடற்பயிற்சி சைக்கிளில் அப்பாவே ஏற மறுத்தார். அது அண்ணன் அறைக்குப் போயிற்று. பிற்பாடு இரண்டும் சாமான் அறையில் சந்தித்துக்கொண்டன.

பாப்பாவின் முறை இதுவரை பத்துத் தடவை வந்திருந்தது. நோட்டில் பத்து இடத்திலும் ஒரே வாசகம்: 'பாப்பா பெயரில். தேர்வு: பெரியவன்.' பெரியவன் என்றால் அண்ணன். தண்ணீர் வடிகட்டி, மடக்கு ஏணி, அவசர விளக்கு என்று எல்லாம் வந்து சேர்ந்தன. எதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எதையும் அவளிடம் கேட்டு வாங்கவில்லை.

பதினோராவது முறை நெருங்கிய சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டுக்கு விளையாடப் போயிருந்த வாண்டுவை அழைத்து வர அவள் போனாள். அந்த வீட்டில் தாத்தாவிலிருந்து பேரன் வரை டிவிக்கு முன்னால் உட்கார்ந்து கேமில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "நீங்களும் ஒரு ரவுண்டு பாருங்க" என்று கையில் ஒரு கன்ட்ரோலரைத் திணித்தார்கள். லட்சக்கணக்கான வண்டிகளை எடை போட்டவள் அதுவரை ஒரு வண்டியையும் ஓட்டியதில்லை. இருபத்திரண்டு வயதில் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டபோது, "நீ எங்கே போகப் போற? போற இடத்துக்கு நான் கொண்டுபோய் விடறேன்" என்று அண்ணன் முடித்துவிட்டார். இன்று மூன்று சுற்று ஓட்டினாள். சுவரில் மோதினாள், குட்டையில் விழுந்தாள், கடைசியாக வந்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று வீடு திரும்பும்போது யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு எட்டவில்லை.

அன்று சாப்பிடும்போது சொன்னாள். "இந்தத் தடவை என் முறை. நானே பார்த்து வாங்கறேன்."

அண்ணன் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். விதி என்றால் அவருக்கு உயிர். தட்டிலிருந்து தலையை உயர்த்தாமலே, "இன்வெர்ட்டர் பேட்டரி போயிடுச்சு. அதையே எழுதிக்கலாம்" என்றார்.

"நான் கேம் பெட்டி வாங்கப் போறேன். நாலு பேர் சேர்ந்து ஆடுவாங்களே, அது."

தம்பிக்குப் புரையேறியது. அண்ணன் இப்போது தலையை உயர்த்தினார். "எந்தக் குழந்தைக்கு?"

"நம்ம எல்லாருக்கும். முக்கியமா எனக்கு."

"பல் ஆடற வயசுல பம்பரம் ஆடப் போறியா?"

"பல் ஆடறது உங்களுக்குண்ணா. எனக்கு எல்லாம் கெட்டியாத்தான் இருக்கு."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. குழம்புக் கரண்டியைத் தேடுகிற சாக்கில் எழுந்து போனார்.

"நான் அதைக் கையால தொடமாட்டேன்" என்றார் அண்ணன். "நாற்பதாவது நாள் அது திரும்பிப் போகும். நோட்டுல எழுதியிருக்கு."

"தொடாதீங்க. நோட்டுல இன்னொண்ணும் எழுதியிருக்கு. வாங்கறவங்க விருப்பமே விருப்பம். பத்துத் தடவை அது உங்க கண்ணுல படல."

கடையில் விற்பனைப் பையன் அவளைப் பார்த்ததும், "உங்க பையனுக்கா மேடம்?" என்றான்.

"எனக்கு."

அவன் ஒரு கணம் திகைத்து, பின்பு தன் பாடத்தைத் தொடங்கினான். இருப்பதிலேயே பெரிய பெட்டியைக் காட்டினான். படம் சினிமா மாதிரி இருக்கும், வேகம் பறக்கும் என்றான். எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதற்கு முன்னால் வெறும் வண்டியின் எடையைப் பார்ப்பது அவள் தொழில். அதையே இங்கும் செய்தாள்.

"பெட்டியை மட்டும் வாங்கிட்டுப் போனா, ஒரே நேரத்துல எத்தனை பேர் ஆடலாம்?"

"ஒருத்தர் மேடம். மத்தவங்களுக்குக் கன்ட்ரோலர் தனியா வாங்கணும்."

"டிவி இல்லாம ஆடலாமா?"

"டிவி இல்லாம எப்படி மேடம்?"

"எங்க வீட்டு டிவி ரிமோட் எங்க அண்ணன் கையில முளைச்சது. நியூஸ் நின்னா அவருக்கு மூச்சு நின்னுடும்."

பையன் சிரித்துவிட்டு வேறொன்றை எடுத்தான். அகலமான புத்தகம் போல் இருந்தது. திரை அதிலேயே இருந்தது. இரண்டு பக்கமும் உள்ள கைப்பிடிகளைக் கழற்றினால் ஆளுக்கொன்றாக இரண்டு பேர் உடனே ஆடலாம். இன்னும் இரண்டு கைப்பிடி சேர்த்தால் நாலு பேர். திரையைச் சின்ன ஸ்டாண்டில் நிறுத்திக்கொள்ளலாம். வேண்டுமானால் டிவியிலும் மாட்டலாம். அவள் ஒரு கைப்பிடியை உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டினாள். பெரிய பெட்டியின் கன்ட்ரோலரை மறு கையில் வாங்கினாள். "இது அதுல அஞ்சுல ஒரு பங்குதான் இருக்கும். எங்க அண்ணிக்கு மணிக்கட்டு வலி. இதுதான் சரி" என்றாள். இன்டர்நெட் இல்லாமல் எந்தெந்த விளையாட்டு ஓடும் என்று கேட்டு, ஒவ்வொன்றையும் ஓட்டிக் காட்டச் சொன்னாள். கடைசியில் கார்ப் பந்தயம் ஒன்றும் பந்து உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டு ஒன்றும் எடுத்தாள். பையன் வேர்த்துப் போனான். "நீங்க எங்கே வேலை பார்க்கறீங்க மேடம்?" என்று கேட்டான்.

குடிவந்த தேதியன்று பெட்டி ஹால் மேஜைக்கு வந்தது. நோட்டை எடுத்து அவளே எழுதினாள்: 'பாப்பா பெயரில். தேர்வு: பாப்பா.'

முதல் வாரத்திலேயே மாடி முழுக்கக் கீழே இறங்கி வந்துவிட்டது. பந்து உருட்டுவதில் அண்ணி சூரப்புலி என்று கண்டுபிடித்தார்கள். "முப்பது வருஷமா மாவு உருட்டின கை, சும்மாவா?" என்று அண்ணியே மார்தட்டிக்கொண்டார். தம்பி வெளியே சாந்தமானவன். கார்ப் பந்தயத்தில் அக்காவைக் குட்டையில் தள்ளிவிட்டுக் கொக்கரித்தான். தம்பி மனைவி தோற்றால் கைப்பிடியில்தான் கோளாறு என்பாள். பாப்பாவோ மூன்றாம் வாரத்தில் சுவரில் மோதுவதை நிறுத்தியிருந்தாள்.

அண்ணன் மட்டும் நாற்காலியில் செய்திகளைப் பார்த்தபடி இருந்தார். ஒவ்வொரு மாலையும் காலண்டரில் ஒரு கோடு கிழித்தார். ஒரு நாள் அவர் நாற்காலியில் ஒரு கைப்பிடி கிடந்தது. செய்தித்தாளை நாலாக மடித்து, பல்லியைத் தள்ளுவது போல அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"அத்தை, பெரியப்பா தூங்கறப்ப அவர் கையில வெச்சு எடுத்துடலாமா?" என்று வாண்டு காதில் ஓதியது. "அப்ப தொட்டதா ஆகிடும்ல?"

"கூடாது. சக்கரத்தை வெளியே நிறுத்தி எடை போடற வேலை அது. அதை நாம பண்ணக் கூடாது."

"அப்ப பெட்டி போயிடுமே!"

அது போய்விட்டால், பெட்டியோடு பாப்பாவின் முறையும் போகும். இனி எத்தனை முறை வந்தாலும், 'ஒரு தடவை உன் இஷ்டத்துக்கு விட்டுப் பார்த்தோமே' என்ற ஒரே வாக்கியத்தில் அண்ணன் அவள் வாயை அடைத்துவிடுவார். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனாலும் அவரிடம் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை.

நாற்பதாவது நாளும் ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்பு அட்டை நோட்டைப் பிரித்து, தீர்ப்பு வாசிப்பது போல வாசித்தார். "...ஒருவர் தவறினாலும் அது கொடுத்தவர் இருப்பிடத்துக்கே திரும்பிவிட வேண்டும். நான் தொடல. எல்லாரும் சாட்சி. ஹாலை விட்டு எடுத்துடு பாப்பா."

"சரிண்ணா. எங்கே கொண்டு போகணும்?"

"உன் இருப்பிடத்துக்கு."

அவள் பெட்டியை இரண்டு கைகளிலும் எடுத்தாள். மேஜையிலிருந்து ஆறு எட்டு வைத்து, ஹாலின் மறு ஓரத்தில் இருந்த திவானில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆச்சு" என்றாள்.

"என்ன விளையாட்டா? ஹாலை விட்டு எடுக்கச் சொன்னேன்."

"என் இருப்பிடம் இதுதானே? தம்பி மெஷின் மாடிக்குப் போச்சு. உங்க சைக்கிள் உங்க ரூமுக்குப் போச்சு. எனக்கு இந்தத் திவானைத் தவிர வேற எங்கே இருக்கு, நீங்களே சொல்லுங்க."

அண்ணன் நோட்டைப் பார்த்தார். ஒரு வாசகத்தில் ஓட்டை இருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவர், இருபத்தெட்டு ஆண்டுகளாக இதைக் கவனிக்கவில்லை. வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் திருப்பி அனுப்ப இடமே இல்லை.

"இப்ப... அதுக்கு என்ன பண்றது?" என்றார். குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"அதை நீங்க சொல்லணும். நோட்டு உங்ககிட்ட இருக்கு."

தம்பி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணிதான் எழுந்தார். நேராகப் போய்ச் சாமான் அறைக் கதவைத் திறந்தார்.

"இந்த ரூமுக்குச் சன்னல் இருக்கு, ஃபேன் இருக்கு. உள்ளே என்ன இருக்கு? யாரும் ஏறாத சைக்கிளு, யாரும் தொடாத மெஷினு, உங்க பழைய பேப்பரு. இதுங்களுக்கு ரூம் கொடுத்திருக்கோம். அவளுக்குக் கொடுக்கல."

"அது சாமான் ரூம்..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"சாமான் மொட்டை மாடிக்குப் போகட்டும். உங்களுக்குக் கேம் பெட்டி ஹாலை விட்டுப் போகணும், அவ்வளவுதானே? போகும். அவளும் கூடப் போவா."

"இரக்கப்பட்டுக் கொடுக்க வேண்டாம் அண்ணி" என்றாள் பாப்பா. "நான் விட்டுக்கொடுத்த ரூமுக்குப் பதில் ரூம். அப்படின்னா வாங்கிக்கறேன்."

"அப்படித்தான். எழுந்திரு, துடைப்பத்தை எடு."

மாலைக்குள் சாமான் அறை காலியாயிற்று. சைக்கிளைத் தம்பியும் அவன் மனைவியும் தூக்கிப் போனார்கள். செய்தித்தாள் கட்டுகளை அண்ணனே சுமந்தார். வேறு யாரும் அடுக்கைக் கலைத்துவிடுவார்கள் என்ற பயம். டிவிக்குக் கீழே இருந்த இரண்டு தட்டுத் துணிகளும் திவானும் உள்ளே போயின. சன்னலோரம் ஒரு முக்காலி வைத்து, அதன் மேல் பெட்டியை நிறுத்தினாள். நோட்டில் அன்றைய தேதியிட்டு ஒரு வரி சேர்த்தாள்: 'திரும்பியது: பாப்பா அறைக்கு.' அண்ணனிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு, வழக்கம்போல் கீழே சுருக்கொப்பம் இட்டார். விதிப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் வீடு முழுக்க அந்தச் சின்ன அறைக்குள் இருந்தது. திவானில் மூன்று பேர், தரையில் இரண்டு பேர். கடைசிச் சுற்று. தம்பியின் கார் முன்னால், பாப்பாவின் கார் அதன் வாலில். ஹாலில் அண்ணனும் செய்தி வாசிப்பவரும் மட்டும்.

கதவு தடாலென்று திறந்தது. "என்ன கூச்சல் இது? ஹால்ல ஒரு மனுஷன் உட்கார முடியல!"

பாப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கதவைத் தட்டிட்டு வாங்கண்ணா."

அண்ணன் அவளைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார், அவர் கையே இன்னும் பிடித்துக்கொண்டிருந்த கதவைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாகச் சாத்தினார்.

பின்பு, விரல் மடித்து, இரண்டு முறை, தட்டும் ஓசை கேட்டது.

பாப்பா தம்பியின் காரைக் குட்டையில் தள்ளினாள், கோட்டைத் தாண்டினாள். அதன் பிறகே, "வாங்க" என்றாள்.