கண்டியில் விழுந்தவர்

கோட்டுத் தைக்க வந்தவர் கழுத்தை அளவுநாடா சுற்றிய பிறகுதான் ரசலையன் தம் இலங்கைக் கதைக்குள் நுழைவார். அதற்கு முன் பேச்செடுத்தால் ஆள் எழுந்து போய்விடக்கூடும். "கொழும்புல ரோடுன்னா ரோடாக்கும், வே. இலை போடாம சோறு திங்கலாம். இங்க நம்ம கம்போளச் சந்தையில நடந்து பாரும்" என்று பேசிப் பேசிக் கழுத்தளவை மறந்துவிட்டு மறுபடி எடுப்பார்.

கோட்டாற்றில் தையல்கடை வைத்திருக்கும் இவர், நண்பர் சிலுவையோடு தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கையைச் சுற்றிப் பார்த்து வந்தது ஒரே ஒரு தடவை. அதன்பின் திருவிதாங்கூரில் அவர் கண்ணுக்குத் தப்பிய குறை கிடையாது. தேயிலைத் தண்ணீரில் மணமில்லை, மழையில் ஒழுங்கில்லை, போலீஸ்காரன் உடுப்பில் மடிப்பில்லை. கொழும்புக் காக்கைகூடக் கொஞ்சம் மரியாதையாகத்தான் கத்துமாம்.

புகையிலைக் கடைக்காரரான சிலுவை அதிகம் பேசாதவர். யாராவது துருவிக் கேட்டால், "அங்க இருக்கச்சில இவன் வாயில கோட்டாறு தவிர வேற ஊரு வரல்ல. கண்டிக் குளத்தைப் பாத்து, 'இது என்னலே, நம்ம பழையாத்துக்குப் பக்கத்துல வருமா'ன்னான். சோத்தைப் பாத்து நாஞ்சில்நாட்டு நெல்லுக்கு அழுதான்" என்பார். அதையும் ரசலையன் இல்லாத இடத்தில்தான் சொல்வார். கூட்டுக்காரன் மனம் நோகக்கூடாது.

ரசலையன் கதைகளில் உச்சம் கண்டித் திருவிழா. ஊர்வலத்தில் ஒரு யானை பிளிறியது. இருவரில் ஒருவர் ஓடிச் சாக்கடையில் விழுந்தார். மற்றவர் கைகொடுத்துத் தூக்கினார். விழுந்தவர் சிலுவை என்பது தையல்கடையின் தீர்ப்பு. சிலுவை இதுவரை அதை மறுத்ததில்லை.

போன மாதம் குளச்சலிலிருந்து வேளாங்கண்ணி என்பவர் கடைக்கு வந்தார். சிலுவையின் மகளைத் தம் மகனுக்குப் பேசி முடித்திருந்தவர். கல்யாணத்துக்குக் கோட்டு வேண்டுமென்றார். நாடா மார்பைச் சுற்றியதும் யானை பிளிறிற்று.

"சிலுவை சாக்கடையில கெடந்து, சேசுவே சேசுவேன்னு ஒரே அழுகை, பாத்துக்கிடும். நாந்தான் தூக்கி விட்டேன்."

வேளாங்கண்ணியின் முகம் மாறியது. தலைமுறை தலைமுறையாகக் கடலில் போகிற குடும்பம். "அப்பிடிப் பயந்து பேடிக்கிற ஆளா? எங்க கரையில கேட்டா சிரிப்பாவளே. பையனுக்க அம்மைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கோட்டு தைப்போம்" என்றார்.

சம்பந்தியைச் சாப்பிட அழைத்துப்போக வந்த சிலுவை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"மக்கா ரசலையா, எனக்காச்சுன்னா நீ சாகுற வரைக்கும் சொல்லு, கேட்டுக்கிட்டிருப்பேன். இது எம்மவ காரியம். இவரு மொகத்தைப் பாத்துச் சொல்லு. சாக்கடையில விழுந்தது ஆரு?"

வேளாங்கண்ணி நாடாவுக்குள் நின்றபடியே திரும்பித் தையற்காரரைப் பார்த்தார். ரசலையன் மேசையிலிருந்த குண்டூசிகளை அள்ளி, அவசர வேலைபோல ஒவ்வொன்றாக உதடுகளுக்கு நடுவே செருகிக்கொண்டார். இனி எப்படிப் பேசுவது என்று கண்ணாலேயே கேட்டார்.

சிலுவை வாசலை விட்டு நகரவில்லை.

கடைசியில் ரசலையனின் கட்டைவிரல் மெல்ல மடங்கி, தம் மார்பையே தொட்டது.