சாவி என் கையில்தான் இருந்தது

ட்ரெய்லர் லாரி ஓட்டிய காலத்தில் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. ஆபீஸ் இல்லை, தலைக்கு மேல் மேனேஜர் இல்லை, கேபினில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் நீதான் ராஜா என்பார்கள். ஹார்பர் கேட்டுக்கு வெளியே கண்டெய்னர் வண்டிகள் நிற்கும் வரிசையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் ராஜாவின் லட்சணம் தெரியும். முன்வண்டி நகர்ந்தால் நகர வேண்டும், நின்றால் நிற்க வேண்டும். ஒண்ணுக்குப் போகக்கூட ஒரு கண் முன்னால் இருக்க வேண்டும்.

என் மகளுக்கு அப்போது புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம். வெள்ளை கவுன் போட்டு மெழுகுவர்த்தி பிடித்து நிற்கும் பிள்ளைக்கு அப்பாதான் திரியைப் பற்றவைக்க வேண்டும். பல நாட்கள் வீட்டில் ஒத்திகை நடந்தது. அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான் பற்றவைக்காத தீக்குச்சியோடு போவேன். கை ஆடுது, நேரா நில்லு என்று எனக்கே அதட்டல் விழும்.

விழா ஞாயிறு காலைப் பூசையில். முந்தின நாள் சனிக்கிழமை காலை மீஞ்சூர் பக்கம் லோடு ஏற்றினேன். ராத்திரிக்குள் ஹார்பரில் பெட்டியை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைப்பு. ஞாயிறு விடிந்தபோது வண்டி இன்னும் காசிமேட்டில் வரிசையில் நின்றது. கோயில் கூப்பிடு தூரம்.

எனக்குப் பின்னால் நின்ற வண்டியின் டிரைவர் புளியந்தோப்புக்காரர், என்னைவிடப் பெரியவர். விஷயத்தைச் சொன்னதும் கையை நீட்டினார்.

"சாவிய குட்த்துட்டு போ நைனா. நகுந்துச்சுன்னா ரெண்டு வண்டியும் நானே தள்ளிக்கினு போறேன். இதுக்குப் போயி யோசன பண்ணிக்கினு கீறியே."

வரிசையில் இது எல்லோரும் செய்வதுதான். எங்கள் முதலாளிக்கு மட்டும் ஆகாது. அப்படிச் சாவி கொடுத்துவிட்டுப் போன ஒருவரை மறுநாளே வேலையை விட்டு அனுப்பியிருந்தார். முதலாளிக்கு போன் போட்டுக் கேட்டேன்.

"போறதும் போவாததும் உன் முடிவுப்பா. நான் தடுத்தேன்னு நாளைக்கு சொல்லக்கூடாது. சாவி மட்டும் கை மாறக்கூடாது, அவ்ளோதான்."

நல்ல மனுஷன். எனக்கு முழுச் சுதந்திரத்தையும் கொடுத்துவிட்டு போனை வைத்தார்.

அடுத்து மனைவி கூப்பிட்டாள். "எங்க கீற?"

"காசிமேட்டுல."

"காசிமேட்டுல கீறியா? அப்ப வந்துடு."

"வண்டிய வுட்டுட்டு எப்படி வர்றது?"

"வர்ணும்னு நென்ச்சிருந்தா இந்நேரம் வந்துருப்ப. என் தம்பிய நிக்கச் சொல்றேன்."

கோயில் மணி அடித்தது. ஒலிபெருக்கியில் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். என் மகளின் பெயர் வந்தது, அதை ஒட்டி அப்பா என்று என் பெயரும் வந்தது. இன்ஜினை அணைத்துச் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு தனியாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. முதலாளி மேல் கோபம், மனைவி மேல் கோபம், உதவ வந்த பெரியவர் மேல்கூடக் கோபம். அவர் டீ வாங்கி வந்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

"வண்டி ஓடுனாதான் நாம டிரைவரு. நின்னுட்டா சாவிக்கு வாட்ச்மேனு" என்றார்.

பூசை முடிந்து, வாசலில் பட்டாசு வெடித்து ஓய்கிற வரைக்கும் வரிசை ஓர் அடிகூட நகரவில்லை.

நான் வீடு போய்ச் சேர்ந்தது சாயங்காலம். மகள் கவுனை மாற்றாமல் எனக்காக உட்கார்ந்திருந்தாள். மாமன் பற்றவைத்த மெழுகுவர்த்தி மேஜைமேல் பாதி எரிந்து கிடந்தது. அவள் அழவில்லை. விவரம் கேட்கிறவள் போலக் கேட்டாள்.

"உன்ன வுடலியாப்பா? இல்ல, நீயே வரலியா?"

விடவில்லை என்று சொல்லியிருந்தால் கட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் போனில் எவனோ ஒருவன் சொன்னதற்கு அசையாமல் உட்கார்ந்துவிடுகிறவன் அவள் அப்பா என்று ஆகிவிடும். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சாவி என் கையில்தானே இருந்தது.

"நானேதான் வரல" என்றேன்.

"சரிப்பா" என்று உள்ளே போய் உடை மாற்றினாள்.

அதற்குப் பிறகு பள்ளி ஆண்டு விழா, பரிசளிப்பு என்று எதற்கும் அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. கோபம் என்றால் சமாதானம் பேசலாம். அவளுக்கு என்மேல் கோபமே கிடையாது. அப்பா தன் இஷ்டப்படி நடக்கிறவர், அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மரியாதையாக ஒதுங்கிக்கொண்டாள்.

இப்போது கோயம்புத்தூரில் படிப்பை முடித்திருக்கிறாள். அடுத்த வாரம் பட்டமளிப்பு விழா. நேற்று அம்மாவிடம் பேசினாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அப்பாவையும் கூட்டிக்கினு வரவா?" என்று கேட்டாள் மனைவி.

"அவர ஒண்ணும் கேக்காதம்மா. வர்ணும்னா அவரே வருவாரு."

விழாவுக்கென்று வெள்ளைச் சட்டையை முந்தாநாளே இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கி வைத்திருந்தேன்.