உயரமான கன்று

1920களில், மலாயாவில் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் தமிழ்ப் பள்ளி வாத்தியார். ஈப்போவில் இங்கிலீஷ் படித்தவன் என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம். ஞாயிறு பிற்பகலில் பள்ளிக் கொட்டகையில் பழைய கிரேக்க நகரங்களின் கதைகளைச் சொல்வேன். சனம் வாயைப் பிளந்து கேட்கும்.

கூலிகளை வேலை வாங்கும் பெரிய கங்காணியும் வந்து உட்காருவார். அவரும் முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கூலிதான். அதுவரை கங்காணி வேலை ஒரே குடும்பத்தின் சொத்தாக இருந்தது. அந்தக் குடும்பத்தான் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை அடித்தபோது, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் இவர் பால்வெட்டுக் கத்தியைக் கீழே போட்டார். பின்னாலேயே அத்தனை பேர் கத்தியும் விழுந்தது. மிரண்டுபோன தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இவரையே கங்காணி ஆக்கினார். மறு வருடமே மலை ஓடையிலிருந்து மூங்கில் குழாய் வழியாகக் கூலிகள் குடியிருந்த லயத்து வாசலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். முதல் தண்ணீர் கொட்டியபோது பெண்கள் குலவையிட்டுக்கொண்டே அழுதார்கள். அடேயப்பா, ஒற்றை மனிதர்! நினைத்தால் இன்றைக்கும் மெய் சிலிர்க்கிறது.

குழாய்க்கு மலையில் வழி கண்டு சொன்னவர் என் அக்காவின் கணவர். "அவரு இல்லேன்னா தண்ணி ஏது?" என்று லயத்தில் பேச்சு அடிபட ஆரம்பித்திருந்தது.

அந்த ஞாயிறு கிரேக்கத்துச் சர்வாதிகாரிகளைப் பற்றிச் சொன்னேன். அரச வம்சம் கிடையாது. பிரபுக்களின் கொட்டத்தை அடக்கி, சனத்தின் தோளில் ஏறி வந்தவர்கள். கோயில் கட்டினார்கள், துறைமுகம் கட்டினார்கள். ஒருவன் ஆண்ட தீவில் மலையை இரண்டு பக்கமும் குடைந்து, நடுவில் சந்தித்து, ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

கங்காணி தொடையில் தட்டினார். "நம்மாளு லா அவன்!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் நாக்கு சும்மா இருக்குமா? ஆட்சியைக் காப்பது எப்படி என்று கேட்டு ஒரு சர்வாதிகாரி இன்னொருவனிடம் ஆள் அனுப்பிய கதையையும் சொன்னேன். அவன் பதிலே பேசாமல், வந்தவனை வயலுக்குள் நடத்திப்போய், உயர்ந்து நின்ற கோதுமைக் கதிர்களை மட்டும் ஒடித்துப் போட்டான். எங்கள் சனத்துக்குக் கோதுமை வயல் தெரியாது. அதனால் ரப்பர் நாற்று மேடை என்று மாற்றிச் சொன்னேன்.

கொட்டகையே சிரித்தது. "வளந்த கன்னை ஒடிக்கிறவன் கிறுக்கன் லா, வாத்தியாரே!" என்று மச்சான்தான் பெரிதாகச் சிரித்தார். கங்காணி சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து என்னை நாற்று மேடைக்குக் கூட்டிப்போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. இருப்பதிலேயே உயரமான கன்றின் தலையை ஒடித்து என் கையில் வைத்தார். யாரைச் சொல்கிறார் என்று விளங்கிவிட்டது.

"அண்ணே, அது வெறும் கதைண்ணே."

"நல்ல கதை" என்றார்.

மறுநாள் பெரட்டில் மச்சானின் பேரைக் கூப்பிடவில்லை. பேர் இல்லையென்றால் வேலையும் இல்லை, வீடும் இல்லை. அன்றைக்குப் பிள்ளைத்தாய்ச்சிக்காகக் கத்தியைப் போட்ட அத்தனை பேரும் கத்தியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் மச்சானோடு தாப்பா ஊர்ப் பக்கம் புறப்படும் முன் அக்கா குழாயில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு, தம்பி. அந்தக் கதையைத்தான் நீ சொல்லாம இருந்திருக்கலாம்."