இடப்பக்கத்துக் கடல்

சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை என்றால் சும்மாவா? பகல் முழுக்க நின்றபடியே தப்புத் தையலையும் தொங்கும் நூலையும் தேட வேண்டும். வீட்டுக்கு வந்தால் புருஷனைத் துடைத்து, ஊட்டி, புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பக்கவாதம் வந்து அவர் விழுந்ததிலிருந்து அவளுக்கு இதே பாடுதான். அலுப்பு எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

மாசத்தில் ஒரு ஞாயிறு மட்டும் அவளுடையது. அன்றைக்கு டால்பின் கணக்கெடுக்கும் படகில் ஏறிவிடுவாள். சம்பளம் கிடையாது. ஒரு தொப்பி கொடுத்தார்கள், அதுவும் காதை மூடுகிற சைஸில். புருஷனின் அக்கா, இவள் அண்ணி என்று கூப்பிடுகிறவள், முணுமுணுத்துக்கொண்டே வந்து அவரைப் பார்த்துக்கொள்வாள்.

படகில் ஒரு சட்டம் உண்டு. அவரவர் பக்கத்துத் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அடுத்த பக்கம் டால்பின் கூட்டமே வந்து கூத்தடித்தாலும் திரும்பக் கூடாது. திரும்பினால் இந்தப் பக்கம் வந்தது விட்டுப்போகும். வலப்பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார். அவருக்குக் கழுத்துப் பிடிப்பு, அந்தப் பக்கம்தான் திரும்பும். அதனால் இவளுக்கு எப்போதும் இடப்பக்கம். டால்பின்களுக்கோ, என்ன வஞ்சமோ, எப்போதும் வலப்பக்கம்! இவள் இதுவரை ஒரு வாலைக்கூடக் கண்டதில்லை.

அதில் அவளுக்குப் பெரிய குறையும் இல்லை. அந்தத் தண்ணீர் அவளை எதற்கும் கூப்பிடாது. அந்த ஒரு நாளும் இல்லாமல் போனால் தான் உடைந்துவிடுவோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று காலை அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "டால்பினாம், டால்பின்! ஊர் சுத்த இது ஒரு சாக்கு. ஒண்ணையும் பாக்காம வர்றதுக்கு நான் எதுக்குடி இங்க காவல் இருக்கணும்?"

அன்றும் வலப்பக்கம்தான். "அடேயப்பா, குட்டியோட வருது!" என்று வாத்தியார் கத்தினார். அவள் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சளசளத்தது, புஸ் புஸ்ஸென்று மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் திரும்பவில்லை. இடப்பக்கத்துக் கடல் வெறிச்சென்று கிடந்தது.

வீடு திரும்பியபோது செருப்பைக் கழற்றக்கூட அண்ணி விடவில்லை. "இன்னைக்காவது பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி. தாயும் குட்டியுமா."

"அப்பாடா! ஆசை தீந்துச்சுல்ல? இனிமே எதுக்குப் போகணும்? எனக்கும் விடுதலை."

போச்சு! அண்ணியின் வாயை அடக்கத்தான் அந்தப் பொய், அது இப்படித் திருப்பியடிக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"எந்தப் பக்கம்?" கட்டிலிலிருந்து அவர் குழறலாகக் கேட்டார்.

"வலப்பக்கம்," என்றாள் யோசிக்காமல்.

அவர் அவளையே பார்த்தார். ஊட்டும்போதெல்லாம் அந்தப் படகுக் கதையைத்தானே சொல்லியிருக்கிறாள்! ஒரு வாக்கியம் பேசுவதே அவருக்கு மலையைப் புரட்டுகிற வேலை. விழுந்த நாளிலிருந்து யாரிடமும் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை.

"அக்கா... இவ இடப்பக்கம். பாக்கல. பாக்கட்டும். நீ... வா."

அண்ணி இருவரையும் மாறி மாறி முறைத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையை எடுத்தாள். "தம்பி வாயத் தொறந்து கேட்டுட்டான். வந்து தொலைக்கிறேன். சீக்கிரம் பாத்துத் தொலைடி!"

அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு போனதும் இவள் கட்டிலோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"தப்புத் தையல்," என்றார் அவர்.