இரண்டு பேருக்கான அரிசி

இரணியலை விட்டு மண்டைக்காட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். தலைமுடி இன்னும் காயவில்லை. கழுத்து வழியே மஞ்சள் தண்ணீர் இறங்கிச் சட்டையின் காலரில் கறையாகியிருந்தது. எதிரே ஓலைக்கட்டு சுமந்து வந்த ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மை எறங்கித் தலைக்குத் தண்ணி விட்டாச்சா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அப்பம் இந்த வெயிலில நடக்கப்பிடாதே மக்கா."

எனக்கு அம்மை வரவில்லை. யாருக்குமே வரவில்லை. நான் நிற்காமல் நடந்தேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இருந்த காலம் அது. அரிசி ரேஷனில்தான் கிடைக்கும். எனக்கு இருபத்து மூன்று வயது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஒரே ஊரில் மூன்று மாதம் இருந்தால் கால் அரிக்கும். நிலையான வீடில்லாதவனின் பெயரை எந்தக் கார்டில் எழுதுவார்கள்? கல்யாணம் ஆகாதவனுக்கு அறையும் தரமாட்டார்கள். சாயாக்கடை பெஞ்சில் படுக்கலாம். அந்தச் சலுகைக்காக அங்கேயே மூன்று வேளையும் மரச்சீனிக் கிழங்கு வாங்கித் தின்ன வேண்டும். நாமே பொங்கலாம் என்றால், ஒருவனுக்கு உலை வைத்தாலும் இரண்டு பேருக்கு வைத்தாலும் எரிகிற விறகு ஒன்றுதான். விளக்கும் அப்படித்தான். ஒற்றை ஆள் என்பதற்காகப் பாதி விளக்கு ஏற்ற முடியாது.

அப்படி அலைந்தபோதுதான் இரணியலில் ஒரு நெசவுக்காரர் என்னைக் கூப்பிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். "ஏலே, தறிக்குத் தார் சுத்தத் தெரியுமா? கூலி கிடையாது. ரெண்டு நேரம் சோறு, படுக்க எடம்."

தார் சுற்றுவது நெசவுக்காரர் வீடுகளில் மனைவி செய்கிற வேலை. ராட்டையைச் சுற்றி, தறியில் குறுக்கே ஓடுகிற ஓடத்துக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூலை ஏற்ற வேண்டும். மனைவி இல்லாதவன் அதற்கும் ஒரு ஆளுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். அவருக்கு மனைவி உண்டு என்றார். "உள்ள படுத்திருக்கா. சொகமில்ல. ஆரையும் பாக்கமாட்டா." உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. தினமும் காலையில் அவர் ஒரு சேலையை நனைத்துப் பிழிந்து கொடியில் போடுவார். ஒருநாள் நீலம், மறுநாள் பச்சை. சோறு வடித்ததும் ஒரு கும்பா நிறைய உள்ளே கொண்டுபோவார். கொஞ்ச நேரத்தில் அது காலியாக வெளியே வரும்.

நான்காம் நாள் அவர் நூல் வாங்கப் போயிருந்தார். மழை பெய்து கூரை ஒழுகியது. தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் நனையக்கூடாதே என்று பாய் தேடி உள்ளறையைத் திறந்தேன். விரித்த பாய், தலையணை, மடித்த சேலைகள். ஆளில்லை.

திரும்பி வந்தவரிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. மனைவி பிரசவத்துக்காக அஞ்சுகிராமத்துக்கு அந்தப் பக்கம், மதராஸ் ராஜ்யத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போனவள். பிரசவத்திலேயே செத்துப்போனாள், பிள்ளையும் தங்கவில்லை. அங்கேயே எரித்துவிட்டு, தன்னை யாருக்கும் தெரியாத இந்தத் தெருவுக்குக் குடிவந்திருக்கிறார். ரேஷன் கார்டில் இரண்டு தலை அப்படியே இருந்தது.

"ஒரு ஆளு அரிசியில தறி ஓடாதுலே" என்றார். "வாடகை பாதியாச்சா? விறகு பாதியாச்சா? அரிசிய மட்டும் பாதியாக்கணும்ணா எப்படி?"

அதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. தன் பங்கை அவர் அந்த அறைக்குள் உட்கார்ந்து தின்றிருக்கிறார்; செத்தவளின் பங்கைத்தான் நான் தின்றுகொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழிந்தது. குழம்பு ஊற்றும்போது, "உனக்குப் புளி ஆகாதுல்லா" என்று எனக்கு மட்டும் மோர் விடத் தொடங்கினார். எனக்குப் புளி பிடிக்கும்; ஆகாதது அவளுக்குத்தான் போலிருக்கிறது. புளி ஆகாது என்று நான் சொன்னதேயில்லை என்று அவரிடம் சொல்லியும் பார்த்தேன். பிறகு ஒருநாள் சாயாக்கடையில் புளிக்குழம்பு தின்றேன். நெஞ்செரிச்சல் மாலைவரை நிற்கவில்லை.

அப்போதுதான் ரேஷன் இன்ஸ்பெக்டர் தெருத்தெருவாகத் தலை எண்ணி வருகிறார் என்று செய்தி வந்தது. ஒரு தலை குறைந்தால் நெசவுக்காரருக்கு அரிசி போகும், கேஸும் வரும். எனக்குச் சோறு போகும். யோசனை சொன்னது நான்தான். வாசலில் வேப்பிலை கட்டினேன். மனைவிக்கு அம்மை என்று அவரைச் சொல்லச் சொன்னேன். அம்மை கண்ட வீட்டுக்குள் எந்த உத்தியோகஸ்தன் வருவான்? நான் உள்ளறைப் பாயில் பச்சைச் சேலையைப் போர்த்திச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து இருமினேன். இன்ஸ்பெக்டர் தெருவில் நின்றபடியே இரண்டு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வீட்டு அக்கா போகவில்லை. "அண்ணாச்சி, ஒங்க ராட்டைக்காரப் பய எங்க?" என்று முற்றத்தில் நின்று கேட்டாள்.

"அம்மைண்ணதும் ஓடிட்டான்."

"கள்ளப்பய, தின்ன சோத்துக்கு நன்றியில்ல பாத்தேளா" என்றவள் குரலை மாற்றி, நான் படுத்திருந்த உள்ளறைப் பக்கம் பேசினாள். "ஏட்டி, பயப்படாதே. முகத்துல தழும்பு விழாது. ஏழாம் நாளு நாங்கல்லாம் வந்து தலைக்குத் தண்ணி விடுகோம், கேட்டியா?"

நாங்கள் இரண்டு பேரும் மறந்துபோனது இதைத்தான். அம்மை இறங்கினால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலையில் விட வேண்டும். பெண்ணுக்குப் பெண்கள் வந்துதான் விடுவார்கள்.

ஆறு நாள் நான் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. ஊரைப் பொறுத்தவரை நான் ஓடிப்போனவன். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக்கூடாது என்பதால் வெறும் சோறும் மோரும் கும்பாவில் உள்ளே வந்தன. சுவருக்கு அந்தப்பக்கம் தறி ஓடும். இடையில் நிறுத்தி அவர் எதையாவது சொல்வார். நூல் விலை, சந்தை, கூரை. பதில் எதிர்பார்க்கிற குரலில்தான் சொல்வார். மூன்றாம் நாள் பதிலுக்கு இருமினேன். இருமினால் அவர் பேச்சை முடித்துக்கொண்டு தறியை ஓட்டுவார்.

ஏழாம் நாள் காலை புறக்கடையில் ஓலைத்தட்டி கட்டினார். பெண்கள் நாலைந்து பேர் தட்டிக்கு அந்தப்பக்கம் நின்றார்கள்.

"முகங்காட்ட வெக்கப்படுகா. நானே விடுகேன். நீங்க குரவை மட்டும் போடுங்க."

"பெஞ்சாதிக்குத் தண்ணி விடுத ஆம்பளைய இப்பந்தான் பாக்கோம்" என்றாள் ஒருத்தி.

"எங்க வீட்டு மனுசன் கால் கழுவ ஒரு செம்பு மோந்து தந்ததில்ல" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

என் வேட்டி சட்டைக்கு மேலே சேலையைச் சுற்றி முக்காடு போட்டு நான் பலகையில் உட்கார்ந்திருந்தேன். முதல் குடம் தலையில் விழுந்தது. வெளியே குரவை எழுந்தது. இரண்டாவது குடம். மூன்றாவது குடத்துக்குப் பிறகு அவர் குனிந்து, முக்காட்டை விலக்கி, என் மோவாயைப் பிடித்துத் தூக்கி முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அழுதுகொண்டிருந்தார்.

"தழும்பே விழல்ல" என்றார். "எந்திரி. அவ்வோ எல்லாரும் ஒன்னப் பாக்கட்டும்."

தட்டியை நகர்த்தக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, நான்..." என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீ ஆரு?" என்று கேட்டார்.

மிரட்டலோ நடிப்போ அந்தக் கேள்வியில் இல்லை. என் பெயரைச் சொல்ல வாய் திறந்தேன். சட்டென்று வரவில்லை. ஒரு மூச்சு நேரம்தான், ஆனால் வரவில்லை. சேலையை உருவி எறிந்துவிட்டு வாழைகளுக்குள் புகுந்தேன்.

"ஏட்டி, எங்க போற?" என்று பின்னால் அவர் குரல் கேட்டது.

"வெக்கத்துல ஓடுகா" என்று தட்டிக்கு அந்தப்பக்கம் யாரோ ஒருத்தி சிரித்தாள்.

அந்த வீட்டில் பிறகு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. பாதையில் மூன்று முறை என் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மண்டைக்காட்டுக் கடற்கரையில் கரைமடி இழுக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று இழுக்கிற வேலை. கூலி மீனில்தான்.

"பெஞ்சாதி உண்டுமாடே?" என்று வலைக்காரர் கேட்டார்.

"இல்ல."

"அப்பம் ஒன் பங்கு மீன சந்தைக்கு ஆரு சொமப்பா? கரையிலயே யாவாரிக்குக் குடுக்கணும். அவன் வச்சதுதான் வெல. குடும்பக்காரனுக்குக் கிடைக்கியதுல பாதிகூட ஒனக்கு நிக்காது."

"பரவாயில்ல. ஒத்தையாளுண்ணே வச்சுக்கிடுங்க" என்று சொல்லிக் கயிற்றைப் பிடித்தேன்.