கீப்பர் முன்னால் வந்த நாள்

போன வாரம் பெரம்பலூரில் மழைக்கு ஒதுங்கி ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்றேன். கால்மிதியாகப் போட்டிருந்த தேங்காய்நார்ப் பாய் நனைந்து ஒரு வாடை அடித்தது பாருங்கள், அவ்வளவுதான். கடைப் பெண் "உள்ள வாங்க சார், புது டிசைன் வந்துருக்கு" என்கிறாள். எனக்கோ வலது தோள் தானாக ஒரு சுற்று சுற்றி நின்றது. அவள் மிரண்டு பின்னால் போய்விட்டாள்.

அது அரியலூர் கிரவுண்டின் வாடை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய பொட்டல். இறுகிய மண்ணில் நார்ப்பாயை விரித்து, சுற்றிலும் ஆணி அடித்தால் பிட்ச் தயார். நான் ஓடத் தொடங்கும் இடத்துக்கு அடையாளமாக, சிப்பி படிந்த கல் ஒன்றை வைத்துக்கொள்வேன். எப்போதோ கடல் இருந்த ஊர் அல்லவா, குனிந்தால் சிப்பிதான்.

நான் செந்துறைக்காரன். தொண்ணூறுகளின் கடைசியில் டென்னிஸ் பந்தில் சுற்றுப்பட்டு ஊர்களை மிரட்டிக்கொண்டிருந்தேன். 'செந்துறை எக்ஸ்பிரஸ்' என்று பட்டம் வேறு. நிஜ எக்ஸ்பிரஸ்கள் பெரும்பாலும் எங்கள் ஸ்டேஷனைத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடும் என்பது தனிக்கதை. எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் வெறுங்கையால் பந்து வீசிக்கொண்டிருப்பேன். அடுத்து வந்த வருஷங்களில் எங்கள் அரியலூர் மாவட்டமும் அப்படித்தான் இருந்தது: பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடியும் பிரித்தார்கள்.

ஒருமுறை அப்பா ஆட்டம் பார்க்க வந்தார். சோளக்கொல்லையைத் தவிர வேறெதையும் அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. முடிந்ததும் கேட்டார்: "அந்தப் புள்ள உனக்கு என்னடா பண்ணுச்சு? இந்த வெரட்டு வெரட்டுற?" அதோடு விடவில்லை. நேரே அந்த பேட்ஸ்மேனிடம் போய், "அடி கிடி பட்டுச்சா தம்பி?" என்று விசாரித்துவிட்டும் வந்தார்.

அரியலூர் டீமில் சேர்ந்த பிறகுதான் தோல் பந்தைத் தொட்டேன். கையில் வழுக்கியது. முதல் ஓவரில் வைடுக்கு மேல் வைடு. ஓவர் முடியவே மாட்டேன் என்றது. கேப்டன் என்னைத் தூக்கிவிடப் பார்த்தார். தடுத்தவன் விக்கெட் கீப்பர் நசீர். என் வயதுதான், டயர் கடைக்காரர் மகன். "இருக்கட்டும்ணே, இன்ஷா அல்லா அடுத்த மேட்ச்ல சரியாயிடுவான்" என்றான். என்னிடம் தனியாக, "கீழ பாக்காத. என் கிளவுஸ மட்டும் பாரு" என்றான். பார்த்தேன். பந்து அங்கேயே போய் விழ ஆரம்பித்தது.

சர்க்கரை ஆலை இருக்கும் எறையூரில் ஒரு மேட்ச். ஊர் முழுக்கக் கரும்புப்பாகு மணம். அன்று எனக்கு என்ன வந்ததோ, என் வேகம் தாங்காமல் ஒவ்வொரு பந்துக்கும் நசீர் பின்னால் பின்னால் போனான். "டேய், கரும்புக் கொல்லைக்குள்ளதான் நிக்கணும் போலருக்கு!" என்று கத்தினான். அடுத்த பந்தில் நடு ஸ்டம்ப் பிய்த்துக்கொண்டு பறந்தது. அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும்.

அதை வைத்துத் திருச்சி டீமுக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். எடுத்தும்விட்டார்கள். புது ஷூ போட்டு ஆடிய முதல் மேட்சில், பந்தை விடும்போது இடுப்புக்கு மேலே ஏதோ தெறித்தது. மூச்சு நின்றுவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "முதுகெலும்புல வெடிப்புப்பா. பல மாசம் ஓடவே கூடாது" என்றார்.

அம்மா கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். நான் பலகை மேல் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருச்சி டீம் நான் இல்லாமலே ஊர் ஊராகப் போயிற்று. "தூங்குறப்பகூட ஓடுறியேடா" என்று அப்பா என் பாதங்களின் மேல் கை வைத்து அமர்ந்திருப்பார். அந்தக் கை இருக்கும் வரைக்கும் கால் சும்மா கிடக்கும்.

திரும்பி வந்தேன், ஓடிவரும் தூரத்தைப் பாதியாக்கிக்கொண்டு. அரியலூர் கிரவுண்டில் நசீர் பழைய தூரத்தில் நின்றான். முதல் பந்து தரையில் இன்னொரு முறை பட்டு, உருண்டுதான் அவனிடம் போனது. அடுத்ததும் அப்படியே. அவன் என்னைப் பார்க்காமல் நடந்துவந்தான். ஸ்டம்புக்குப் பின்னால், கை நீட்டினால் பெயில்ஸைத் தொடும் தூரத்தில் குந்தினான். ஸ்பின்னருக்கு நிற்கிற மாதிரி.

ஓடிவந்த நான் பாதி வழியில் நின்றுவிட்டேன். "பின்னாடி போடா."

"பந்து வரலடா மாப்ள" என்றான், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "நான் என்ன பண்ணட்டும்?"

போட்டேன். பேட்ஸ்மேன் இறங்கி அடிக்கப் போய் ஏமாந்தான். நசீர் ஸ்டம்பைத் தட்டிவிட்டான். எல்லோரும் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன். வியர்வை என்று நினைத்திருப்பார்கள். நசீர் மட்டும் தோளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் விடாமல் நின்றான்.

அதற்கப்புறமும் சில வருஷம் ஆடினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், வேகமாகப் போட்டதைவிட மெதுவாகப் போட்டு அதிக விக்கெட் எடுத்தேன். அவற்றில் ஒன்றுகூட நினைவில் இல்லை. பிறகு மோட்டார் பம்ப் விற்கிற வேலை. பைக்கில் ஊர் ஊராகச் சுற்றல். நசீர் மஸ்கட் போய் அங்கேயே தங்கிவிட்டான்.

ஒருநாள் பைக்கை அரியலூர் கிரவுண்ட் பக்கம் திருப்பினேன். முள்கம்பி வேலி. காவலுக்கு இருந்தவர், "யாரு சார் வேணும்?" என்றார்.

"இங்க கிரவுண்டு இருந்துச்சே?"

"கிரவுண்டா? நான் வந்ததுலேருந்து பள்ளந்தான் சார்."

எட்டிப் பார்த்தேன். சுரங்கம் அகன்று அகன்று இதுவரை வந்திருந்தது. வெகு கீழே லாரிகள் எறும்பு போல ஊர்ந்தன. பிட்ச் இருந்த இடத்தைக் கண்ணால் குத்துமதிப்பாகத் தேடினேன். நான் உயிரைக் கொடுத்து ஓடிவந்த அந்த இடம் இப்போது வெறும் காற்றாக இருந்தது.