திருத்தப்படாத மூன்று வருஷம்

1951 ஜனவரி முழுவதும் வேதத்தைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. மைசூரில் நான் சரித்திர வாத்தியார். எங்கள் சபையில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பவனும் நான்தான். இதை யாரிடம் சொல்ல முடியும்?

காரணம், நானே போட்ட ஓர் அட்டவணை. சாலொமோனுக்குப் பிறகு ராஜ்யம் இஸ்ரவேல், யூதா என்று இரண்டாகிறது. பின்னால் யெகூ என்ற படைத்தலைவனின் ஒரே கலகத்தில் இரு நாட்டு ராஜாக்களும் மடிகிறார்கள். இடைப்பட்ட காலம் இரு பக்கமும் சமமாக இருக்கவேண்டும். ராஜாக்கள் ஆண்ட வருஷங்களைக் கூட்டினேன். இஸ்ரவேலில் 98. யூதாவில் 95. பத்துத் தடவை கூட்டியும் அதே மூன்று வருஷம் உதைத்தது.

இது பிழையென்றால் மற்றதை எப்படி நம்புவது? தேவன் அருளியது, அவரே காத்தது என்று எந்த முகத்தோடு வாசிப்பது? பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் தேவராஜ மார்க்கெட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வீட்டு ஜெபத்தை நிறுத்தினேன். என் மனைவி எஸ்தர் மகளோடு தனியாக ஜெபித்தாள். அதுதான் அதிகம் சுட்டது.

பிப்ரவரி 16, வெள்ளி. இனி வாசிக்கமாட்டேன் என்று போதகருக்குக் கடிதம் எழுதினேன். ஞாயிறன்று கொடுத்துவிடுவதாக முடிவு. பிறகு முழங்காலிட்டேன். "ஆண்டவரே, உம்முடைய வார்த்தையை நான் வெறுக்கவில்லை. விளங்கவில்லை. காட்டும்." அவ்வளவுதான் வந்தது.

மறுநாள் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு கன்னடக்காரர் வந்தார். மகளின் வயதைக் கேட்டார். ஆறு என்றேன். உள்ளேயிருந்து எஸ்தர் ஏழு என்றாள்.

"என்ன மேஷ்ட்ரே, இருக்கிறது ஒரு மக, அவளுக்கு ரெண்டு வயசா?" என்று அவர் சிரித்தார்.

எனக்குக் கோபம். மகள் பிறந்தது 1944 ஆகஸ்டு 9 என்று எஸ்தரைத் திருத்தினேன். எஸ்தர் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"நீங்க முடிஞ்சதச் சொல்றீங்க, நான் நடக்கிறதச் சொல்றேன். ஏழு நடக்குதில்ல? இதுல யாருங்க பொய் சொன்னது?"

அவர் ஆறு என்று எழுதிக்கொண்டு போனார். இரண்டும் சரியான கணக்குதான் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

பிறகு அட்டவணையை எடுத்தேன். அந்தக் காலத்தவரும் எஸ்தரைப் போல நடக்கிற வருஷத்தை எண்ணி, ஒரு ராஜா இறந்த வருஷத்தை அவர் கணக்கிலும் அடுத்தவர் கணக்கிலும் சேர்த்திருந்தால், ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு வருஷம் இரட்டிக்கும். ஏழே நாள் ஆண்ட சிம்ரியை விட்டால் இஸ்ரவேலில் ஏழு மாற்றம், யூதாவில் ஐந்து. கழித்தேன். 91, 90. மூன்று ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

அந்த ஒன்று இன்றும் தீரவில்லை. அதை மறைக்கமாட்டேன். ஆனால் அன்று வேறொன்று உறைத்தது. என் நாட்குறிப்பில் பொருந்தாத தேதிகளை எத்தனையோ முறை அழித்து நேராக்கியிருக்கிறேன். வேதத்தைப் பிரதியெடுத்தவர்களுக்கு ஏதோ ஒரு ராஜாவுக்கு மூன்று வருஷம் குறைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர்கள் குறைக்கவில்லை. விளங்காததையும் பெற்றபடியே கொடுத்தார்கள். அந்தக் கைகளைப் பிடித்திருந்தவர் யார் என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

ஞாயிறன்று கடிதத்தைக் கொடுக்கவில்லை. வாசித்தேன். அன்றிலிருந்து என் நாட்குறிப்பில் எதையும் நான் அழிப்பதில்லை.

அன்பானவர்களே, உங்களையும் ஒரு வசனம் இடறச் செய்யலாம். அதை மறைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலையாதீர்கள். உள்ளபடியே அவர் முன் வையுங்கள். எனக்கு மூன்றில் இரண்டைத் தீர்த்துத் தந்தார். மீதி ஒன்றோடு அவரை நம்பி நடக்கிறேன்.